40 பேரில் பூஜ்யம் வந்தால் என்ன எழுதுவது?

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேர் தங்கள் ஆய்வுக் கணக்கைக் காட்ட என் மேசைக்கு வந்தார்கள். ஒருவர் மயக்கவியல் மேற்படிப்பு மாணவி, தீசிஸோடு; இன்னொருவர் தானியங்கிக் கார்களைச் சோதிக்கும் இளம் பொறியாளர். இரண்டு பேர் கையிலும் என் பழைய தவறு. தட்டச்சுப் பிழை, கூட்டல் பிழையெல்லாம் வழிகாட்டியே பிடித்துவிடுவார், அதை விட்டுவிடுகிறேன்.

பூஜ்யத்தைப் பாதுகாப்பு என்று படிப்பது

மாணவியின் அட்டவணையில் கடைசி வரி: கடுமையான சிக்கல்கள், 40 பேரில் 0. பக்கத்தில் 95 சதவீத நம்பிக்கை எல்லை (உண்மையான விகிதம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு) எழுத வேண்டிய கட்டத்தில் வெறும் ஒரு கோடு. முடிவுரையில் 'இம்முறை முற்றிலும் பாதுகாப்பானது'.

அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். என் முதல் வேலையில் 60 நோயாளிகளை வைத்து நானும் அதே கோட்டைப் போட்டேன், அதை நம்பி அந்த முறை வார்டுக்குப் போனது, அடுத்த நூறு பேருக்குள் மூன்று பேருக்கு மூச்சு தடுமாறியது. மூவரும் பிழைத்தார்கள். ஆனால் 60 பேரில் பூஜ்யம் என்றால் 5 சதவீதம் வரை ஆபத்து இருக்கலாம் என்று அன்றைக்கே எழுதியிருக்க முடியும்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒன்றுமே நடக்கவில்லையா, 3ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 40 பேர் என்றால் 7.5 சதவீதம். 'யாருக்கும் வரவில்லை, ஆனால் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு வரக்கூடும் என்பதை இந்த ஆய்வால் மறுக்க முடியாது' என்று எழுதுங்கள்.

பொறியாளர் விபத்தே இல்லாமல் 50,000 கிலோமீட்டர் ஓட்டிய சந்தோஷத்தில் இருந்தார். அமெரிக்காவில் 2013 கணக்குப்படி 10 கோடி மைலுக்கு 1.09 சாலை மரணம். தானியங்கிக் கார் அதைவிட மோசமில்லை என்று காட்ட அதே 3ஐ வகுத்துப் பாருங்கள்: ஒரு சாவுகூட இல்லாமல் 27.5 கோடி மைல். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட கணக்கு இதுதான். 100 கார்கள் இரவு பகலாக மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினாலும் பன்னிரண்டரை வருடம் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வின் நடுவில் மருந்து மாறாது, காரின் மென்பொருள் மாறும். அவருடைய 50,000 கிலோமீட்டருக்குள் மூன்று பதிப்புகள் இருந்தன. அதை ஒரே காராகக் கூட்டக் கூடாது.

பதிலி அளவை நம்புவது

உண்மையில் வேண்டியதை அளக்காமல் அதற்குப் பதிலாகச் சுலபமாக அளக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் பதிலி அளவு. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தாளம் தப்பிய துடிப்பை அடக்கினால் உயிர் தப்பும் என்று நினைத்தார்கள். இதைச் சோதித்த காஸ்ட் (CAST) என்ற ஆய்வில் என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற இரண்டு மருந்துகளும் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆனால் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989இல் ஆய்வில் அந்த இரண்டு மருந்துகளையும் கொடுப்பதை நிறுத்தினார்கள். கார்களில் 'ஓட்டுநர் எத்தனை தடவை குறுக்கிட்டார்' என்பதும் இப்படிப்பட்ட அளவுதான். காலியான சாலையில் ஓட்டினாலே அது குறைந்துவிடும்.

முடிவைப் பார்த்த பிறகு முதன்மை அளவை மாற்றுவது

முதன்மை அளவு என்பது ஆய்வு தொடங்கும் முன்பே 'இதை வைத்துத்தான் முடிவு சொல்வேன்' என்று குறித்துக்கொள்வது. மாற்றாதீர்கள். ஆய்வுப் பதிவேட்டில் முதலில் எழுதியது அப்படியே இருக்கும்.

பாதியில் விலகியவர்களை நீக்குவது

விலகியவர்களையும் முதலில் எந்தப் பிரிவில் சேர்த்தீர்களோ அந்தப் பிரிவிலேயே எண்ணுங்கள். பொறியாளர் மழையால் பாதியில் நிறுத்திய ஓட்டங்களைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைத்திருந்தார். அடுத்த தடவை அதையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.