பேக்ஹோ ஹோஸ் கப்ளர்ல ஏறலையா? கழட்டும்போதே பிரஷரை இறக்கிடுங்க

ஸ்கிட் ஸ்டீர்ங்கிற சின்ன லோடர் மெஷின்ல இருந்து, அதுல மாட்டுற பேக்ஹோவை (மண் தோண்டுற கை) கழட்டுறப்பவே அதோட பூம், பக்கெட் எல்லாத்தையும் தரையில உக்கார வச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணி சாவியை மட்டும் ஆன்ல வச்சுட்டு, ஆக்ஸிலரி ஹைட்ராலிக் சுவிட்சை (மாட்டுற கருவிக்கு ஆயில் அனுப்புற சுவிட்ச்) ரெண்டு பக்கமும் நாலஞ்சு தடவை அசைச்சு விடுங்க, பேக்ஹோவோட லீவரையும் ஆட்டிட்டு அப்புறம் ஹோஸை உருவுங்க. அடுத்த தடவை மாட்டும்போது கப்ளர் (ஹோஸை மெஷினோட இணைக்கிற முனை) கையாலேயே க்ளிக்குனு உக்காந்துடும்.

கழட்டின உடனே ஹோஸ் முனை அடைச்சுக்கும்ல, உள்ள சிக்கின ஆயில் வெயில்ல சூடாகி விரிய இடம் இல்லாம பிரஷர் எகிறிடும், அதுதான் கப்ளரை உள்ள போக விடாம தள்ளுது. அப்போ சுத்தியலால தட்டுறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு வேண்டாம், ஃப்ளாட் ஃபேஸ், அதாவது தட்டை முக கப்ளரோட முகம் நசுங்கினா சீல் போயிடும், அப்புறம் கப்ளரையே மாத்தணும். மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு முகத்தையும் சுத்தமான துணியால துடைச்சுடுங்க, மண் உள்ள போனா வால்வுக்கு ஆகாது.

சில மெஷின்ல சீட்ல உக்காந்து முன்னாடி இருக்கிற பாதுகாப்பு பாரை (கம்பியை) இறக்கினாதான் சுவிட்ச் வேலை செய்யும், அதை மேனுவல்ல பாத்துக்கோங்க. கப்ளரை அமுக்கினாலே பிரஷர் இறங்குற பிளாக் இருக்கிற மாடலுக்கு இந்த சுவிட்சை அசைக்கிற வேலை தேவையே இல்ல. ஏற்கனவே தனியா கழட்டி வச்ச பேக்ஹோ ஹோஸ்ல பிரஷர் ஏறியிருந்தா மெஷின் சுவிட்சை அசைச்சு பிரயோஜனம் இல்ல, நிழல்ல நல்லா ஆற விட்டுட்டு மாட்டிப் பாருங்க. கசியுதான்னு விரலை வச்சுப் பாக்கவே பாக்காதீங்க, பீச்சுற ஆயில் தோலைத் துளைச்சுட்டு உள்ள போயிடும்.