இஸ்தோப்பில் போன், காம்பராவில் கணினி: ஓடிபியை ஒரே சொடுக்கில் கொப்பி செய்வது எப்படி?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பலவற்றில் சிக்னல் கிடைப்பது இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில்தான். மடிக்கணினியோ உள்ளே காம்பராவில் (அறையில்). ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் கடவுஎண்) பார்க்க எழுந்துபோய், ஆறு இலக்கத்தையும் முணுமுணுத்துக்கொண்டே திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆண்ட்ராய்ட் போனும் விண்டோஸ் 11 கணினியும் இருந்தால் இந்த அலைச்சல் வேண்டாம்.

1. போனைக் கணினியுடன் இணைக்கும் ‘போன் லிங்க்’ செயலியைக் கணினியில் திறந்து ஆண்ட்ராய்டைத் தெரிவு செய்யுங்கள். கியூஆர் குறியீடு தோன்றும்.

2. போனில் ‘லிங்க் டு விண்டோஸ்’ வேண்டும். சாம்சங் போன்கள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் எடுக்கலாம். அதைக்கொண்டு கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்.

3. எஸ்எம்எஸ், நோட்டிபிகேஷன் இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள். ஒன்றை மறுத்தாலும் வேலை பாதியில் நிற்கும்.

4. போனிலுள்ள லிங்க் டு விண்டோஸ் செயலியின் செட்டிங்ஸில், மொபைல் டேட்டாவிலும் இணைந்திருக்கும் வசதியை இயக்குங்கள். நம் பக்கத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான். போன் ஹொட்ஸ்பொட்டில் கணினி ஓடும்போது கணினிக்கு அது வைஃபை, போனுக்கோ அது டேட்டா. இந்த வசதி அணைந்திருந்தால் எதுவும் வராது.

5. லிங்க் டு விண்டோஸுக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இல்லையென்றால், போன் சும்மா கிடக்கும்போது செயலி உறங்கிவிடும்.

இனி ஓடிபி வந்ததும் திரையின் வலது மூலையில் அறிவிப்பு எழும். அதிலேயே கொப்பி பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கட்டத்தில் கண்ட்ரோல்+வி கொடுத்தால் போதும்.

பொத்தான் வரவில்லையா? விண்டோஸ் இந்த வசதியை 2023இல் ஆங்கிலத்துக்கு மட்டுமே கொண்டுவந்தது. தமிழிலோ சிங்களத்திலோ வரும் செய்தியை அது ஓடிபியாக அடையாளம் காணாமல் விடலாம்; குறுஞ்செய்தி மொழியைத் தெரிவு செய்ய முடிந்தால் ஆங்கிலமாக்குங்கள். ஆண்ட்ராய்ட் 15 முதல், பிற செயலிகளுக்குப் போகும் அறிவிப்பில் ஓடிபியை போனே மறைக்கவும் செய்கிறது. அப்போது போன் லிங்க்கின் மெசேஜஸ் பகுதியைத் திறந்து கையால் கொப்பி செய்யுங்கள். அறிவிப்பே வராவிட்டால், கணினியில் ‘டூ நொட் டிஸ்டேர்ப்’ போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த ஒரு சொடுக்கும் வேண்டாமென்று, எஸ்எம்எஸ்ஸை யாரோ ஒருவரின் சேர்வருக்கு அனுப்பும் செயலிகளைத் தேடாதீர்கள். கொமியூனிகேஷன் கடையின் (போன், இணைய வசதி தரும் கடை) கணினியில் இந்த இணைப்பைச் செய்யவே கூடாது. அடுத்து அங்கே உட்காருபவர் உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்கலாம். வீட்டுக் கணினியிலும், கொப்பி செய்தவற்றைச் சேர்த்துவைக்கும் கிளிப்போர்ட் வரலாறு இயங்கினால் விண்டோஸ்+வி அழுத்தி, ஓடிபியை அழித்துவிடுங்கள்.