ட்ரெய்லர், கேரவன் டயர் பராமரிப்பு: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கேரவன், மோட்டார் ஹோம், படகு ஏற்றும் ட்ரெய்லர் மாதிரியான வண்டிகளில் டயர்கள் ஓடித் தேய்வதைவிட, நின்று கெடுவதுதான் அதிகம். வருடத்தில் சில வாரங்கள் ஓடும். மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கும். பட்டனை, அதாவது தரையில் படும் வரிப்பள்ளங்கள் உள்ள பகுதியைப் பார்த்தால் நேற்று வாங்கியது போல இருக்கும். ஆனால் உள்ளே ரப்பர் காய்ந்து, அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு விட்டுப்போயிருக்கலாம். அதனால் கார் டயரைப் பார்ப்பது போல பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை: 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காட்டும் நல்ல ஏர் கேஜ், டார்க் ரெஞ்ச் (நட்டைச் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்கும் ஸ்பேனர்), ஒரு டார்ச் லைட், மென்மையான பிரஷ், குறித்து வைக்க ஒரு நோட்டு. கார்களுக்கென்று விற்கும் கேஜ்களில் பல 60 பிஎஸ்ஐயோடு நின்றுவிடும். இந்த வண்டிகளுக்கு அது போதாது.

படி 1: டயரில் இருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அதோடு தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தான் டயரின் பிறந்த தேதி. 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இந்த நான்கு எண்களும் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய் உள்பக்கம் பாருங்கள். ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள், சும்மா தொங்கினாலும் அதற்கும் வயதாகும். எல்லா டயரின் தேதியையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்து, டயரின் வகை. அளவுக்கு முன்னால் எஸ்டி (ST) என்று இருந்தால் அது ட்ரெய்லருக்கென்றே செய்தது. வண்டியை இழுக்கவோ திருப்பவோ வேண்டிய வேலை அதற்கு இல்லை. எடை தாங்குவதுதான் அதன் வேலை. அதனால் பக்கச்சுவரைக் கடினமாகச் செய்திருப்பார்கள். எஸ்டி டயர்களுக்கு வேக வரம்பும் உண்டு. வேகக் குறியீடு எதுவும் அச்சிடாத எஸ்டி டயர் என்றால், மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் கார் 130-இல் சுகமாகப் போகிறது என்பதற்காகப் பின்னால் வரும் டயரும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

அளவு ஒன்றாக இருந்தாலும் தாங்கும் எடை ஒன்றாக இருக்காது. உதாரணத்துக்கு எஸ்டி 225/75 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு எடை தாங்கும் என்ற தரத்தை சி, டி, இ (C, D, E) என்ற எழுத்துகளால் குறிப்பார்கள். சி தரத்தில் 50 பிஎஸ்ஐ காற்றோடு சுமார் 975 கிலோ தாங்கும். டி தரத்தில் 65 பிஎஸ்ஐக்குச் சுமார் 1,150 கிலோ. இ தரத்தில் 80 பிஎஸ்ஐக்குச் சுமார் 1,285 கிலோ. டயர் மாற்றும்போது அளவை மட்டும் சொல்லி வாங்கினால் இந்த எழுத்து மாறிப்போய்விடும். பழைய டயரில் இருந்த தரத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது.

படி 2: வண்டியை எடை போடுங்கள்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. வண்டி காலியாக இருக்கும்போது என்ன எடை என்பது உங்களுக்குப் பயன்படாது. தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், துணிமணி, சாமான் என்று பயணத்துக்குப் போகிற நிலையில் முழுதாக ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி நிறைந்தாலே 150 கிலோ கூடிவிடும்.

முடிந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஃப்ரிட்ஜ், அடுப்பு, தொட்டி எல்லாம் ஒரே பக்கம் அமைந்துவிட்டால் அந்தப் பக்கத்து டயர்களுக்கு மட்டும் பாரம் கூடும். மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்; ஒரு டயர் மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கும். தனித்தனியாகப் போட வசதி இல்லையென்றால் ஆக்ஸில் வாரியாகவாவது போட்டு, கனமான சாமான்களை இடம் மாற்றிச் சமப்படுத்துங்கள்.

படி 3: காற்று

டயர் வெடிப்பதற்குக் காற்றுக் குறைவுதான் மிகப் பெரிய காரணம். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி விரியும், மடங்க மடங்கச் சூடேறும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், கம்பி அடுக்குகளுக்கும் உள்ள ஒட்டு விடும். அப்புறம் பட்டன் பட்டையாக உரிந்து, வண்டியின் அடிப்பாகத்தையும் பிய்த்துக்கொண்டு போகும்.

காற்று அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், காலையில். ஓடிய டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். வழியில் அளந்து, "கூடுதலாக இருக்கிறதே" என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். குளிர்ந்த பிறகு அது குறைந்த காற்றாகிவிடும்.

எவ்வளவு அடிப்பது? வண்டியின் தகட்டில் எழுதியிருக்கும். ட்ரெய்லரில் வெளிப்பக்கம் முன்பகுதியிலும், மோட்டார் ஹோமில் ஓட்டுநர் இருக்கையை ஒட்டியும் தேடுங்கள். மோட்டார் ஹோம் என்றால் இரண்டாம் படியில் எடுத்த எடையை டயர் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் வைத்துப் பார்த்து, அந்த ஆக்ஸிலில் எந்தச் சக்கரம் அதிகம் சுமக்கிறதோ அதற்கு வேண்டிய அழுத்தத்தையே அதே ஆக்ஸிலின் எல்லா டயருக்கும் அடியுங்கள். எஸ்டி டயர் போட்ட ட்ரெய்லர்களில் பெரும்பாலும் தகட்டில் உள்ளதும் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அழுத்தமும் ஒன்றாகவே இருக்கும். அதைக் குறைத்தால் குலுக்கல் குறையும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ட்ரெய்லருக்குள் யாரும் உட்கார்ந்து வருவதில்லை. காற்றைக் குறைத்தால் டயர் தாங்கும் எடையும் கூடவே குறையும்.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் 65 பிஎஸ்ஐ டயரில் 2 முதல் 3 பிஎஸ்ஐ வரை மாறும். சமவெளியிலிருந்து குளிர்ந்த மலைப்பகுதிக்குப் போய் இரவு தங்கினால், மறுநாள் காலையில் புதிதாக அளந்தே தீரவேண்டும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள மோட்டார் ஹோம்களில் உள்சக்கரம் கண்ணுக்கே தெரியாது. அதில் காற்று போய்விட்டால் வெளிச்சக்கரம் சத்தமில்லாமல் இரண்டின் பாரத்தையும் சுமக்கும். கட்டையால் தட்டிச் சத்தத்தை வைத்து அளப்பது போதாது. 20 பிஎஸ்ஐ குறைந்தாலும் சத்தம் ஏறத்தாழ அதேதான். வால்வு நீட்டிப்பு போட்டு, கேஜ் வைத்துப் பாருங்கள்.

வால்வையும் கவனியுங்கள். சாதாரண ரப்பர் வால்வுகள் 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 பிஎஸ்ஐ அடிக்கும் சக்கரத்தில் உலோக வால்வு இருக்கவேண்டும். வால்வு முனையில் திருகும் அழுத்தக் கண்காணிப்புக் கருவி பொருத்துவதாக இருந்தாலும் உலோக வால்வே நல்லது, சென்சாரின் எடையில் ரப்பர் வால்வு ஆடி விரிசல் விடும். ட்ரெய்லருக்கு அந்தக் கருவியை வாங்குவது வீண் செலவே இல்லை. ட்ரெய்லரில் ஒரு டயர் காற்றிழந்தாலும் முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தெரியும்போது டயர் கிழிந்து முடிந்திருக்கும்.

படி 4: கழுவுங்கள், தடவிப் பாருங்கள்

சாதாரண சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். டயருக்குப் பளபளப்புக் கொடுக்கும் திரவங்களில் பெட்ரோலியம் கலந்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரை அரிக்காமல் இருக்க, தயாரிக்கும்போதே சில ரசாயனங்களும் மெழுகும் ரப்பருக்குள் கலந்திருப்பார்கள். டயர் ஓடி மடங்கும்போது அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். பெட்ரோலியம் கலந்த திரவம் இந்தப் படலத்தைக் கரைத்துவிடும். ஓடாமல் நிற்கும் டயரில் படலம் புதிதாக வருவதும் குறைவு. நிற்கும் வண்டியின் டயர் சீக்கிரம் வெடிப்பு விடுவது இதனால்தான்.

காய்ந்த பிறகு இரண்டு பக்கச்சுவர்களையும் கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயரோடு பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக வேண்டாம். பட்டனின் தேய்மானத்தையும் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு அல்லது பாரம் அதிகம். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம், அலைன்மென்ட் பார்க்கவேண்டும். ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் பேலன்ஸிங்கையும் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள்.

படி 5: நிறுத்தி வைக்கும்போது

மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டி என்றால், கழுவிக் காயவைத்து, தகட்டில் சொன்ன முழு அழுத்தத்துக்குக் காற்றை நிரப்புங்கள். தண்ணீரையும் கனமான சாமான்களையும் இறக்கிவிடுங்கள்.

தரை முக்கியம். ஈரமண், எண்ணெய் கசிந்த தரை, வெயிலில் இளகும் தார் எல்லாமே ரப்பருக்கு ஆகாது. ஒவ்வொரு டயருக்கும் கீழே பலகை வையுங்கள். பலகை, டயர் தரையில் பதியும் பரப்பைவிட எல்லாப் பக்கமும் பெரிதாக இருக்கவேண்டும். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டும் பலகை மேல் முழுதாக ஏறவேண்டும். வண்டியை மட்டப்படுத்த ஒரே ஒரு டயரின் பாதிக்குக் கீழே கட்டை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டை விளிம்பில் அழுந்தியே அடுக்குகள் அறுந்துவிடும்.

பாரத்தைத் தூக்கிவிட முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஆக்ஸிலையோ சட்டத்தையோ தாங்கும் ஸ்டாண்டுகள் வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன இடத்தில்தான் முட்டுக் கொடுக்கவேண்டும். கேரவன் மூலைகளில் இருக்கும் கால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான், முழு எடையைத் தூக்க அல்ல. தூக்க வழியில்லையா? சில வாரங்களுக்கு ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி, டயரின் வேறு பகுதி தரையில் படும்படி விடுங்கள். நகர்த்திய பிறகு சக்கரத்துக்கு மறக்காமல் கட்டை கொடுங்கள்.

வெயில் படும் சக்கரங்களுக்கு உறை மாட்டுங்கள். வெளிர் நிறத்தில், உள்ளே ஈரம் தங்காமல் காற்றோட்டம் உள்ளதாக இருக்கட்டும். கூரைக்கடியில் நிறுத்துகிறீர்கள் என்றால், ஓடும் மின்மோட்டார்களும் வெல்டிங் வேலையும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஓசோன் உண்டாக்கும்.

படி 6: கிளம்பும் நாள், வழியில்

காலையில் காற்றைப் பாருங்கள், வீல் நட்டுகளைச் சொன்ன டார்க்குக்குச் சரிபாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடியும் பார்க்கவேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் டயரையும் ஹப்பையும் அளந்து ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் நன்றாகச் சூடாக இருந்தால் காற்றுக் குறைவு, பிடித்துக்கொண்ட பிரேக், கெட்டுப்போன பேரிங் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். இரட்டை ஆக்ஸில் ட்ரெய்லரைக் காய்ந்த கான்கிரீட்டில் ஒடித்துத் திருப்பாதீர்கள். டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டு அடுக்குகள் தளரும். கொஞ்சம் அகலமாக எடுத்துத் திரும்புங்கள்.

எப்போது மாற்றுவது?

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றவேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். ட்ரெய்லர் டயர் அந்த நிலைக்கு வருவது அபூர்வம். ஐந்து வருடம் ஆனதும், வருடம் ஒருமுறை டயரைக் கழற்றி உள்பக்கமும் ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருடம் ஆன டயர் பார்க்க எப்படி இருந்தாலும் வேண்டாம். எஸ்டி டயர்களை ஐந்து, ஆறு வருடத்திலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். வெயிலில் நிற்கும் வண்டி என்றால் இன்னும் முன்பே.

ஓட்டத்தில் வெடித்துவிட்டால்

பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வையுங்கள், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெதுவாகத் தளர்த்துங்கள். வண்டி கட்டுக்குள் வந்ததும் தானாக வேகம் இறங்கவிட்டு, போக்குவரத்திலிருந்து விலகிச் சமதரையில் நிறுத்துங்கள். ஜாக்கி போடும் முன் இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லர் மாட்டியே இருக்கட்டும், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஸ்டெப்னி மாட்டியதும், வெடித்த டயருக்கு அதே பக்கத்தில் ஓடிய ஜோடி டயரைப் பாருங்கள். கொஞ்ச தூரமாவது அது இரண்டு பேர் பாரத்தைச் சுமந்திருக்கும். வெளியே காயம் தெரியாவிட்டாலும், அடுத்த டயர் கடையில் கழற்றி உள்ளே பார்க்காமல் நீண்ட தூரத்துக்கு அதை நம்ப வேண்டாம்.