கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காத பச்சோந்தி

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம். ஜூலைக் குளிரில் இங்கே மழை அபூர்வம். காற்று வறண்டு உதடே வெடிக்கும். போதாததற்கு ராத்திரி முழுக்க ஹீட்டர். எங்கள் ஏமன் பச்சோந்திக்குக் கண் குழிந்துவிட்டது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு) ஆரஞ்சு நிறத்தில் வந்தது. இரண்டும் உடம்பில் தண்ணீர் குறைந்ததன் அறிகுறி. கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தும் குடிக்கவில்லையே என்று அதன் மேலேயே கோபப்பட்டேன். தப்பு என்னுடையதுதான். அசையாமல் கிடக்கும் தண்ணீர் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. இலையில் மின்னும் துளியைத்தான் நக்கும்.

பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, வலைக்கூண்டின் மேல் வைத்தேன். உள்ளே மருந்தடிக்காத செம்பருத்திச் செடி. சொட்டு இலை இலையாக இறங்கும். வடிவதைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு. தினமும் கொட்டிவிட வேண்டும். காலையிலும் விளக்கு அணைந்த பிறகும் 2 நிமிடம் ஸ்பிரே. ஆனால் பகலில் கூண்டு காய வேண்டும், ஓயாத ஈரம் மூச்சுக்கோளாறில் கொண்டுபோய் விடும்.

முதல் நாள் அரை மணி நேரம் சொட்டையே முறைத்துப் பார்த்தது. அப்புறம் மெல்ல நாக்கை நீட்டியது. "காபிக்குக் காத்திருக்கிற உங்க தாத்தா மாதிரியே இருக்கு" என்றார் அம்மா.