புது மூவ் உருவாக்குவது எப்படி: தங்கச்சிமடம் கால்பந்து கோச் ஒருவரின் குறிப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் டீமில் பலர் படகுக்குப் போகிறவர்கள். அவர்கள் எல்லோரும் சாயங்காலம் மைதானத்துக்கு வருவது அந்த இரண்டு மாதம்தான். புது அட்டாக் எதுவானாலும் அப்போதே தொடங்கிவிடுவோம். உங்கள் ஊரில் ஆட்கள் முழுசாகக் கிடைக்கும் மாதம் எதுவென்று முதலில் பாருங்கள்.

யோசிக்கும் வேலையை ஒருவரே சுமக்க வேண்டாம். எங்களில் மூன்று பேர்: நான், கீப்பர்களைப் பழக்கும் அண்ணன், எதிர் டீம் ஆட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதிவரும் தம்பி. கார்னருக்கு ஆளுக்கு ஆள் நிற்கிறார்களா இடம் பார்த்து நிற்கிறார்களா, கீப்பர் கோலை விட்டு வெளியே வருவாரா, இதை மட்டும் எழுதி வந்தால் போதும். கீப்பர் கோச்சிடம் ஒரு கேள்வி அவசியம் கேளுங்கள்: “எந்தப் பந்து வந்தால் உங்களுக்குக் கை உதறும்?” எங்களுடைய நல்ல மூவ்களில் பாதி அந்தப் பதிலிலிருந்து வந்தவை.

அடுத்ததுதான் முக்கியம். நல்ல மூவ் என்றால் எதிர் டீம் பேக் (தடுப்பாட்டக்காரர்) ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை வர வேண்டும். 1953இல் வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது இப்படித்தான். 9ஆம் நம்பர் ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி வந்தார். நடுவில் தடுக்க நிற்கும் ஸ்டாப்பர் கூடவே வந்தால் நடு காலி. வராவிட்டால் ஹிடெக்குட்டியைத் தடுக்க ஆளில்லை. 2022 உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக, ஆட்டம் முடியும் நேரத்து ஃப்ரீ-கிக்கை நெதர்லாந்து கோலுக்கு அடிக்கவில்லை. எல்லோரும் ஷாட்டை எதிர்பார்த்து நிற்க, தரையோடு தள்ளிய பந்தை வெக்ஹார்ஸ்ட் வாங்கித் திரும்பி கோலாக்கினார்.

நம் ஆளிடம் என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் மூவ் பிறக்க வேண்டும். எங்கள் சைடு பேக் வலை இழுத்து உரமேறிய தோள்காரன். த்ரோ-இன் பெனால்டி பாக்ஸ் வரை போகும். த்ரோ-இன்னிலிருந்து நேராகப் பந்து வாங்குகிறவருக்கு ஆஃப்சைடு கிடையாது. அதனால் ஃபார்வர்டைக் கடைசி பேக்குக்கும் பின்னால் நிறுத்தினோம். பேக் அவனோடு இறங்கினால் பாக்ஸ் வாசலில் இடம் திறக்கும், அங்கே எங்கள் மிட்ஃபீல்டர் ஓடிவருவான். இறங்காவிட்டால் எறிவது நேரே ஃபார்வர்டுக்கு.

கடற்கரை மைதானத்தில் காற்றையும் கணக்கில் சேருங்கள். கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது தூக்கி அடித்த கார்னர் செகண்ட் போஸ்ட்டுக்குப் போகாது, ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு முன்னாலேயே தொப்பென்று விழும். அங்கே ஒருவன் தலையால் பின்னுக்குத் தட்டிவிட வேண்டும். இதற்கு எங்கள் பெயர் ‘சீலா’. தூக்கி அடிக்காமல் பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளும் ஷார்ட் கார்னர் ‘பாரை’. இரண்டும் மீன் பெயர்கள். எதிர் டீம் கார்னர் வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும் என்பதால் அந்த முதல் பாஸை யாரும் பறிக்க முடியாது.

டோர்னமெண்டில் மைக் அலறும்போது கூப்பாடு கேட்காது. கை சைகை வையுங்கள். கார்னர் எடுப்பவன் கொடிக்கம்பைத் தொட்டால் சீலா, தொடாவிட்டால் பாரை. எதை எடுப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும், காற்று அவன் முகத்தில்தான் படுகிறது.

பழக்கும்போது முதலில் எதிராளி இல்லாமல் நடந்தே பாருங்கள். தரையோடு போகும் மூவை மணலில் பழக்காதீர்கள், பந்து உருளாமல் பாஸின் வேகம் தப்பாகப் படிந்துவிடும். பிறகு நம் பேக்குகளிடமே சொல்லாமல் அவர்கள் மேல் போட்டுப் பாருங்கள். அவர்கள் இரண்டாம் முறையே கண்டுபிடித்துத் தடுத்தால் அந்த மூவுக்கு இன்னொரு கிளை வேண்டும். கிளை கிடைக்காவிட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஒரு சீசனுக்கு நான்கு மூவ் தாராளம். அதற்கு மேல் போனால் கடைசி நிமிடத்தில் ஒருவன் சீலாவுக்கு ஓட, இன்னொருவன் பாரைக்கு நிற்பான்.