குளத்து நீரில் இறங்கும் மாதிரி விமானத்துக்குப் பால்சா மிதவைகள் செய்யும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் திருநெல்வேலிச் சீமைக் குளங்கள் பெருகி, பிசான நெல் வளர்ந்து நிற்கும் தை, மாசி மாதங்களில், விடிந்து சற்று நேரம் வரை நீர்ப்பரப்பில் மெல்லிய சிற்றலை மட்டுமே ஓடும். மாதிரி விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பொருத்துவதற்கு இதைவிட ஏற்ற காலம் நம் பகுதியில் இல்லை. ஆனியிலும் ஆடியிலும் மேற்குக் கணவாய்களின் வழியே வீசும் காற்றில் இதை முயல வேண்டாம்.

140 சென்டிமீட்டர் இறக்கையும் 110 சென்டிமீட்டர் நீளமும் 2 கிலோ எடையும் உள்ள விமானத்தை எடுத்துக்கொள்வோம். மிதவையின் நீளம் விமான நீளத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 85 சென்டிமீட்டர் இருக்கட்டும். மிதவைகளின் எடையையும் சேர்த்து 2.3 கிலோ என்று கொண்டால், அதைத் தாங்க 2.3 லிட்டர் நீர் விலகினால் போதும். ஆயினும், முழு அளவு விமானங்களின் மிதவைகளுக்கு எடைக்கு மேல் 80 விழுக்காடு மிகுதி மிதப்பு வேண்டும் என்று விதி இருப்பதால், நாமும் அதையே பின்பற்றி ஒவ்வொரு மிதவைக்கும் 2.1 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு வைப்போம். அகலம் 8 சென்டிமீட்டர், மிக ஆழமான இடத்தில் உயரம் 6.5 சென்டிமீட்டர் என்று வைத்தால், முன்னும் பின்னும் மெலிந்த வடிவத்திலும் அந்த அளவு கிடைத்துவிடும்.

மிதவையின் உயிர், அடிப்புறத்தில் படிக்கட்டுப் போல் வெட்டி உயர்த்திய படியில்தான் இருக்கிறது. விமானத்தின் எடை மையத்துக்கு நேர்கீழே இருந்து ஒரு சென்டிமீட்டர் பின்னால் இந்தப் படி அமைய வேண்டும். மிதவையின் மூக்கு, விமானத்தின் முன்னால் சுழலும் விசிறிக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் நீண்டிருந்தால், இந்த விமானத்தில் படி மூக்கிலிருந்து ஏறத்தாழ 41 சென்டிமீட்டரில் வரும். படிக்கு முன்னுள்ள அடிப்பலகை 20 சென்டிமீட்டர் தூரம் மேல்பலகைக்கு இணையாக ஓடி, பிறகு மூக்கை நோக்கி வளைந்து ஏறட்டும். படியில் 12 மில்லிமீட்டர் வெட்டி உயர்த்தியபின், பின்பகுதி 5 பாகைச் சாய்வில் எழுந்து வால்முனையில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் முடியட்டும்.

படியின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். சொம்பிலிருந்து தண்ணீரை மெதுவாகச் சாய்த்தால், அது உருண்ட வாயைப் பற்றிக்கொண்டு சொம்பின் வயிற்றோடு வழிவதைப் பார்த்திருப்பீர்கள். உருண்ட படியிலும் நீர் அப்படியே பின்பகுதியைப் பற்றி உறிஞ்சிப் பிடிப்பதால், விமானம் மூக்கைத் தூக்க முடியாது. என் முதல் மிதவைகளில் அழகுக்காக அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டேன்; விமானம் குளத்தின் பாதித் தூரம் ஓடியும் நீரை விட்டு எழவில்லை. அதன்பின் விளிம்பில் மெல்லிய பிளைவுட் பட்டை ஒன்றை ஒட்டி, அதன் முனையை மழுங்காமல் காக்கிறேன்.

பக்கப் பலகைகள் நான்கையும், பால்சா என்னும் மிக இலேசான மரத்தின் 3 மில்லிமீட்டர் பலகையில் ஒன்றாக அடுக்கி வெட்டினால் இரு மிதவைகளும் ஒத்திருக்கும். 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குப் பலகைகளை நிறுத்தி, மிதவையை விமானத்தோடு இணைக்கும் தாங்குகம்பிகள் வரும் இரண்டு இடங்களில் மட்டும் பிளைவுட்டைப் பயன்படுத்த வேண்டும். உள்ளே காற்று ஓடுவதற்கு ஒவ்வொரு குறுக்குப் பலகையிலும் மேல்பக்கம் சிறு துளையிட மறக்க வேண்டாம். அடிப்பலகையின் ரேகை மிதவைக்குக் குறுக்காக ஓடட்டும்: நீர் மோதும்போது அகலவாக்கில் பலம் கிடைக்கும், மூக்கின் வளைவிலும் பலகை உடையாமல் வளையும். சாதாரண வெள்ளைப் பசை நீரில் இளகும் என்பதால், நீர் தாங்கும் மரப்பசையையோ அரால்டைட்டையோ பயன்படுத்துங்கள். நம் ஊர் வெயிலில் அரால்டைட் விரைவில் இறுகும். ஆகவே சிறிது சிறிதாகக் குழைப்பது நல்லது.

மேல்பலகையை மூடுமுன் உட்புறம் முழுவதும் வார்னிஷ் பூச வேண்டும். வெளிப்புறத்துக்கு மிக மெல்லிய கண்ணாடியிழைத் துணியும் எப்பாக்சியும் போதும். அதிகமாகப் பூசினால் பால்சாவைத் தேர்ந்தெடுத்த பயனே போய்விடும். கரையில் வெயிலில் வைத்திருக்கும்போது உள்ளே காற்று விரிந்து ஒட்டுகள் பிளக்கக்கூடும். ஆகையால் பின்முனையின் மேல்பக்கத்தில் ஒரு திருகாணி அடைப்பு வைத்து, பறக்கவிடும்போது மட்டும் இறுக்குங்கள்.

இரு மிதவைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 32 சென்டிமீட்டர் விட்டு, 3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியால் அவற்றை ஒன்றுக்கொன்று இணையாகப் பிணையுங்கள். மேல்பலகையை நோக்க இறக்கை 2 அல்லது 3 பாகை நிமிர்ந்திருக்கட்டும். விசிறி முனைக்கும் மிதவைக்கும் இடையே 3 சென்டிமீட்டராவது வேண்டும். மிதவைகளின் முன்பகுதி பக்கக்காற்றை வாங்குவதால், வாலின் அடியில் சிறு துடுப்பு ஒன்று சேர்ப்பது நல்லது. பின்னர் எடை மையத்தை மறுபடி சரிபார்த்து, வீட்டுத் தொட்டியில் ஒருமுறை மிதக்கவிட்டுப் பாருங்கள். வால்முனைகள் மூழ்கினால் எடையை முன்னே நகர்த்த வேண்டும்.

கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும் கூந்தன்குளம் பக்கம் விமானத்தைக் கொண்டுசெல்லவே கூடாது. விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி, கூடங்குளம் ஆகிய இடங்களிலிருந்தும் வெகுதூரம் விலகியிருந்து, ஆளில்லா விமானங்கள் பறக்கத்தக்க இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைச் சரிபார்த்த பிறகே புறப்படுங்கள். நீரில் மிதந்து படரும் அமலைச் செடி இல்லாத, மடைக்கும் மிகை நீர் வழியும் மறுகாலுக்கும் எட்டியுள்ள நீரில் காற்றை எதிர்நோக்கி ஓடவிடுங்கள். முதலில் வாலிலுள்ள உயர்த்தியைச் சற்று மேலே பிடித்து, விமானம் படியின்மேல் ஏறி வழுக்கத் தொடங்கியதும் தளர்த்திவிடுங்கள். வேகம் கூடியதும் மெல்ல இழுத்தால் எழும். திரும்பி வந்ததும் அடைப்பைத் திறந்து, உள்ளே நீர் சேர்ந்திருந்தால் வடித்து, நிழலில் உலரவிடுங்கள்.