செராமிக் கோட்டிங் போட்ட காரை எப்படிக் கழுவுவது?

கோட்டிங் போட்டு வந்த அன்றைக்கே யாராவது ஒருவர் சொல்வார்: "இனிமே கழுவவே வேண்டாம்ணே, மழை பெஞ்சாலே போதும்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம சிங்கப்பூர் மழையையும் அது விட்டதும் சுள்ளென்று அடிக்கும் வெயிலையும் நம்பிக் காரை விட்டால், பானெட் முழுக்க வட்ட வட்டமாகத் தண்ணீர்க் கறைதான் மிஞ்சும்.

கோட்டிங் என்பது பெரும்பாலும் சிலிக்கா கலந்த, ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள படலம். அதற்குக் கீழே, பெயிண்டுக்கு மேல் நிறமில்லாமல் பூசியிருக்கும் கிளியர்கோட் சுமார் 40, 50 மைக்ரான் இருக்கும். கோட்டிங் இருந்தால் தண்ணீர் பரவாமல் உருண்டு வழியும், அழுக்கு சுலபமாகக் கழன்று வரும். அதன் வேலை அவ்வளவுதான். விளம்பரத்தில் வரும் 9ஹெச், பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. விரைவுச்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் கல்லை அது தடுக்காது.

1. முதல் வாரம்: கை வைக்காதீர்கள்

முதல் 24 மணி நேரம் தண்ணீரே படக்கூடாது. பிற்பகல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் இது. முடிந்தால் ஓர் இரவு கடையிலேயே விட்டு எடுங்கள். இல்லாவிட்டால் பலமாடி கார் நிறுத்துமிடத்தின் நடுத் தளங்களில் நிறுத்துங்கள், மொட்டைத் தளம் வேண்டாம். நனைந்துவிட்டால் மைக்ரோஃபைபர் துணியை மேலே வைத்து ஒற்றி எடுங்கள். ஷாம்பூ போட்டுக் கழுவ ஒரு வாரம் பொறுக்க வேண்டும். கடைக்காரர் அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அவர் சொன்னதே கணக்கு.

2. தேவையானவை

இரண்டு வாளி, அடியில் தங்கும் மண் மேலே வராமல் இருக்க வாளிக்குள் வைக்கும் சல்லடைத் தட்டு, மைக்ரோஃபைபர் கையுறை, காரம் அமிலம் இரண்டும் இல்லாத நடுநிலை ஷாம்பூ, துடைக்கப் பெரிய டவல். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். வேக்ஸ் கலந்த ஷாம்பூவும் வேண்டாம். அந்த வேக்ஸ் கோட்டிங்கின் மேல் படிந்து, தண்ணீர் உருண்டு ஓடுவதைக் கெடுக்கும்.

3. கழுவுதல்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடங்கள் பலவற்றில் இதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். நிழலும் கிடைக்கும், சோப்புத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்கும் போகாது. இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி; கால்வாயில் விடுவது கடைசியில் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும்.

பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறட்டும். சக்கரங்களை முதலில், தனித் துணியால் முடித்துவிடுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக அடித்து மண்ணைப் போக்குங்கள். ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் நல்ல தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பாகத்தைத் துடைத்ததும், நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். அழுத்தவே தேவையில்லை, கையுறையின் எடையே போதும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் இழுங்கள். கதவுகளின் அடிப்பகுதி கடைசியில், ஏனென்றால் மண் அங்கேதான் அதிகம். கையுறை கீழே விழுந்தால் அதை அன்றைக்கு மறந்துவிடுங்கள், ஒரு மணல் துகள் போதும் கோடு போட.

தானாகச் சுழலும் தூரிகை இயந்திரத்துக்குள் கோட்டிங் போட்ட காரை விடாதீர்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பக்கம் மலிவாகக் கழுவிக் கொடுப்பார்கள், சரி. முந்தைய காரைத் துடைத்த அதே துணியோடு வந்தால் உங்கள் துணியை நீட்டுங்கள்.

4. துடைத்தல்

பலரும் சோம்பல்படுவது இங்கேதான். தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த முத்து காய்ந்தால் அதிலிருந்த தாது உப்பு அப்படியே வட்டமாக ஒட்டிக்கொள்ளும், வெயிலில் இறுகும். டவலை விரித்துப் போட்டு மெல்ல இழுங்கள். கண்ணாடி ஓரம், கதவுக் கைப்பிடி இடுக்கில் வழிவதையும் விடாதீர்கள். புதுக் கறை என்றால், வெள்ளை வினிகரோடு அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, நன்றாக அலசுங்கள். டவலைத் துவைக்கும்போது சாஃப்டனர் ஊற்றாதீர்கள். நூல் தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

5. மைனா எச்சம், மரம், பூச்சி

தூங்குமூஞ்சி மரத்தடி நிழல் இதமானதுதான். ஆனால் சாயங்காலம் மைனாக் கூட்டம் அடையும் மரமும் அதுவே. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம், வெயிலில் சூடான பெயிண்ட் மேல் வேகமாக அரிக்கும். கோட்டிங் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும், ஒரு வாரமெல்லாம் தராது. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள், அதில் விதையும் மண்ணும் இருக்கும். நனைத்த துணியை மேலே போட்டு இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கட்டும்.

அங்சானா மரம் பூத்து மஞ்சளாகக் கொட்டும் நாள்களில் உலர்ந்த துணியால் தட்டிவிடுவதும் வேண்டாம், தண்ணீர் அடித்தால் போதும். மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இரவுப் பயணம் போய் வந்தால், முன்பம்பரில் அப்பியிருக்கும் பூச்சிகளுக்கும் அதே ஊறவைக்கும் வைத்தியம்தான்.

6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

உங்கள் கோட்டிங்குக்கு ஏற்ற பராமரிப்பு ஸ்பிரேயை, கழுவித் துடைத்த பின் மெல்லிதாக அடித்துத் துடையுங்கள். தண்ணீர் உருளாமல் தட்டையாகப் பரவுகிறதா? கோட்டிங் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மேலே அழுக்குப் படலம் அடைத்திருக்கலாம். இரும்புத்துகள் நீக்கியைத் தெளித்தால், ஒட்டியிருக்கும் இரும்புத்துகள் கரைந்து ஊதா நிறத்தில் வழியும். காய்வதற்குள் அலசிவிட்டு மறுபடி பாருங்கள். பெயிண்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும் களிமண் கட்டியை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள், அது கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்கும். அப்படியும் ஒரே ஒரு பாகத்தில் மட்டும் தண்ணீர் பரவினால், உத்தரவாதப் புத்தகத்தோடு கடைக்குப் போய் அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்.